நூற்றுப் பன்னிரண்டாவது கை

"நான் பிறக்கவே இல்லைன்னு நூத்திப் பன்னிரண்டு பேர் கை தூக்கித் தீர்மானம் போட்டாங்க. கையை எண்ணிச் சொன்னவன் நான். அந்த நூத்திப் பன்னிரண்டுல ஒரு கை என்னுது."

முடி திருத்தும் கடையில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, ஒரு காலத்தில் கட்சிக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதிய குறிப்பாளர் இப்படிச் சொன்னதும், பெஞ்சில் காத்திருந்த நால்வரும் செய்தித்தாளைத் தாழ்த்தினார்கள். கடைக்காரரின் கத்தரி மட்டும் நிற்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, இதே நாற்காலி, இதே பேச்சு; ஏழு வருடமாகக் கேட்டு அவர் காது தேய்ந்துவிட்டது.

"பெரியவரே, பிறக்காதவருக்கு முடி மட்டும் எப்படி வளருது?" என்றார் பெஞ்சிலிருந்த லாரி ஓட்டுநர்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன். இவரு வெட்டிவிட்டுக்கிட்டே இருக்காரு, பதில் சொல்ல மாட்டேங்கிறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். பக்கத்து நாற்காலியில், மார்புவரை தாடியோடு சாய்ந்திருந்த மருந்துக் கடைக்காரர். கண்ணாடியைப் பார்த்தபடி, எப்போதும் சொல்வதையே சொன்னார்.

"அப்படி ஒரு கூட்டமே நடக்கலை."

குறிப்பாளர் ஏழு வருடமாக இந்தக் கதையைச் சொல்வது லாரி ஓட்டுநருக்காகவோ பெஞ்சுக்காகவோ அல்ல. இந்த ஒரு மனிதர் ஒரே ஒரு முறை, நான்கு பேர் காதில் விழும்படி, "ஆமா" என்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவே.

"தாத்தா ஆயிட்டீங்களாமே?" என்று கடைக்காரர் தாடிக்காரரிடம் பேச்சை மாற்றினார்.

"ம்," என்றார் அவர். புதிதாகத் தாத்தா ஆனவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

கதை நடந்த காலத்தில் அந்தத் தாடி இல்லை. தாடி இல்லாத அந்த முகமும் குறிப்பாளரின் முகமும் ஒரே அச்சில் வார்த்தவை. மூக்கின் இடப்பக்கம் ஒரே மச்சம், நெற்றிக்கு மேல் ஒரே அளவு வழுக்கை. இரண்டு பேரும் இரட்டையர். மருந்துக் கடைக்காரர் ஒன்பது நிமிடம் மூத்தவர். அந்த ஒன்பது நிமிடத்தை வைத்து ஐம்பது வருடம் அதிகாரம் செய்தவர்.

குறிப்பாளர் வேலை பார்த்தது கட்சியின் தலைமையகத்தில். எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். 'இருப்பதை இருக்கிறபடி காப்போம்' என்று வாசலில் எழுதி வைத்திருந்த கட்சி. கூட்ட அறையின் திரைச்சீலை கிழிந்து மாற்ற வேண்டி வந்தபோது, அதே இடத்தில் அதே அளவு கிழிசலோடு புதிதாகத் தைக்கச் சொல்லி வாங்கினார்கள். சுவர்க் கடிகாரம் நாற்பது வருடமாகப் பதினோரு நிமிடம் பின்னால் ஓடியது. அதைத் திருத்த ஒருவர் ஏணி வைத்தார். ஏணியோடு சேர்த்துக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். இதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகத் தோன்றினால், ஏணி இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டவும் ஆள் உண்டு.

அங்கே முப்பத்தொரு வருடம் கூட்டக் குறிப்பு எழுதியவர் நம்மவர். மேசையின் மூடிக்கு உள்பக்கம், அவருக்கு முன் இருந்தவர் ஒட்டிவிட்டுப் போன ஒரு தாள் இருந்தது. அதில் மூன்றே விதிகள். சிரிப்பு, இருமல், தூக்கம் ஆகியவற்றைக் குறிப்பில் ஏற்றக் கூடாது. யாரும் எழுந்து நின்று மறுக்காத எதையும் 'எதிர்ப்பின்றிக் கேட்கப்பட்டது' என்று எழுத வேண்டும். அப்படி மூன்று முறை கேட்கப்பட்டது, நான்காம் முறையிலிருந்து 'கட்சியின் நெடுநாள் நிலைப்பாடு' ஆகும்.

வாழ்த்துச் செய்திகளுக்கும், நாற்காலிக்குப் பஞ்சு மெத்தை கேட்டு வரும் மனுக்களுக்கும் போட்ட விதிகள் அவை. எந்த விதியும் யாரையும் கடித்ததில்லை. குறிப்பாளருக்கோ அந்தத் தாளில் அத்தனை பெருமை. தலைவர்கள் வருவார்கள், போவார்கள். தான் எழுதியதுதான் கட்சி என்று நினைத்துக்கொண்டு நடப்பார். அது உண்மையாகவும் இருந்தது என்பதுதான் பிறகு வந்த தொந்தரவு.

ஒரு செவ்வாய்க்கிழமை, மஞ்சள் தாளில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சந்தை வாசலில் சாவி செய்து கொடுப்பவர். பொதுமக்களின் கடிதத்தைக் கூட்டத்தின் கடைசியில் படிப்பது வழக்கம் என்பதால் செயலாளர் எழுந்து படித்தார்.

'ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தால் அந்த வீட்டில் திருட்டு நடக்கும். இது என் நாற்பது வருட அனுபவம். ஒரு முகத்துக்கு இரண்டு ஆள் இருந்தால் நாட்டில் என்ன நடக்கும் என்று தலைவர்கள் யோசித்தார்களா? ஒரே முகம், இரண்டு ஓட்டு. இரட்டையர்களில் ஒருவரைப் பூட்டி வைக்கக் கோருகிறேன்.'

கூடம் குலுங்கியது. கட்சித் தலைவரை எல்லோரும் 'ஐயா' என்றுதான் சொல்வார்கள். பெருந்தன்மைக்குப் பெயர் போனவர். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று தண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது. குறிப்பாளரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விதிப்படி எழுதினார்: 'எதிர்ப்பின்றிக் கேட்கப்பட்டது.'

மாலையில் அண்ணனின் மருந்துக் கடைக்குப் போய்ச் சொன்னார். அண்ணனும் கட்சிக்காரர்தான், தன் பகுதியின் பேராளர்.

"உன்னைப் பூட்டி வைக்கணும்னா நல்ல யோசனைதான்டா," என்றார் அண்ணன், இருமல் மருந்துப் புட்டிகளை அடுக்கியபடி. "சின்ன வயசுல அம்மாவே யோசிச்சாங்க."

"உன்னைப் பூட்டினா என்ன?"

"நான் மூத்தவன். அசல் சாவி."

அடுத்த வாரமும் மஞ்சள் தாள் வந்தது. அதற்கடுத்த வாரமும். மூன்று முறையும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஆகவே யாரும் நிற்கவில்லை. நான்காவது கடிதம் வந்தபோது குறிப்பாளரின் பேனா ஒரு நொடி தயங்கிற்று. பிறகு, பழக்கப்பட்ட மாடு தொழுவத்துக்குப் போவதுபோல, அதுவாகவே எழுதியது: 'கட்சியின் நெடுநாள் நிலைப்பாடு மீண்டும் நினைவுகூரப்பட்டது.'

அதை யாரும் படிக்கவில்லை. கட்சிக் குறிப்பைப் படிக்கும் கெட்ட பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

அப்புறம் ஓர் இடைத்தேர்தல் வந்தது. சாவிக்காரர் தனியாக நின்றார். சின்னம், ஒற்றைச் சாவி. அவர் வாங்கியது நானூற்றுப் பதினோரு ஓட்டு. கட்சி தோற்றது முந்நூற்று ஒன்பது ஓட்டில்.

மறுநாள் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் எழுந்தார். எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்பதை மூக்கால் அளக்கிற மனிதர்.

"நானூத்திப் பதினோரு பேரும் பைத்தியமா? ஒருத்தன் சொன்னா பைத்தியம். நானூத்திப் பதினோரு பேர் சொன்னா அது கருத்து. நாம இதுவரைக்கும் அவங்க கவலையைக் காது கொடுத்துக் கேட்கலை."

"கேட்டோம், நாலு தடவை," என்றார் குறிப்பாளர் தன்னை அறியாமல்.

செயலாளர் திரும்பினார். "என்ன?"

குறிப்பாளருக்குப் பேச உரிமை இல்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினார். செயலாளர் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம், காணாமல் போன பொருள் கிடைத்தவர் முகம்போல ஆயிற்று.

"ஐயா, இது நம்ம நெடுநாள் நிலைப்பாடாமே."

"அப்படியா?" என்றார் ஐயா. "நமக்கே தெரியாம எவ்வளவு தொலைநோக்கு பாருங்க."

கூட்டம் முடிந்ததும் குறிப்பாளர் ஐயாவின் அறைக்குப் போய்க் கைகட்டி நின்றார். "ஐயா, அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். உங்க கண்ணாடிகூட டம்ளர்ல விழுந்துச்சு. அதைக் குறிப்புல சேர்த்துடலாமா? சேர்த்தா விஷயம் முடிஞ்சிடும்."

"சிரிப்பைக் குறிப்புல ஏத்தலாமா? விதி என்ன சொல்லுது?"

"விதிப்படி கூடாது ஐயா."

"பாருங்க," என்றார் ஐயா மிகுந்த வருத்தத்தோடு. "நீங்களே சொல்றீங்க."

ஒரு குழு போட்டார்கள். பெயர், 'இரட்டையர் உண்டா என்பது குறித்து இரு தரப்பையும் கேட்கும் குழு.' ஒரு தரப்பு, சாவிக்காரர். மறு தரப்பு, அரசு மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் பிரசவம் பார்த்த தாதி ஒருவர்.

"எத்தனை ஜோடி பார்த்திருக்கீங்கம்மா?" என்று கேட்டார் செயலாளர்.

"எழுபது எண்பது இருக்கும்."

"அப்போ நீங்க நேர்ல பார்த்தவங்க."

"ஆமா. என் கையால எடுத்திருக்கேன்."

"அதான் பிரச்சினை. நேர்ல பார்த்தவங்க நடுநிலையா இருக்க முடியாது. உட்காருங்க." தாதிக்குக் கொடுத்தது நான்கு நிமிடம். எதையும் பார்த்திராத சாவிக்காரருக்கு இரண்டு மணி நேரம்.

கட்சிக்குப் புதியது ஆகாது. ஆகவே இது பழையது என்று காட்ட வேண்டியிருந்தது. மரபுக் குழு நிறுவனர்களின் சட்டமிட்ட படத்தை இறக்கித் தூசி தட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. பதினெட்டு நிறுவனர்கள், பதினெட்டு வேறு வேறு முகம். 'நிறுவனர்கள் ஒரே முகத்தை இரு முறை அனுமதித்ததில்லை' என்று அறிக்கை வந்தது. உண்மையில் படத்தில் இருந்தவர்கள் பத்தொன்பது பேர். இரண்டாம் வரிசையில் இரண்டு பேர் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தார்கள். படம் திரும்பச் சுவரில் ஏறியபோது அவர்களில் ஒருவர் இருந்த இடத்தில் ஒரு பூச்சாடி இருந்தது. நல்ல பூச்சாடி. அதன் அடியில் இரண்டு காலணிகள் தெரிந்தன.

"சாவிக்காரரைக் கட்சியில சேர்த்துக்குவோம்," என்றார் ஐயா. "வெளியே நின்னா கத்துவாரு. உள்ளே ஒரு நாற்காலி போட்டா நம்ம பக்கத்துல உட்கார்ந்து உட்கார்ந்து நம்மளை மாதிரி ஆயிடுவாரு. நாற்காலியோட குணம் அது."

நாற்காலி போட்டார்கள். மூன்று மாதத்தில் சாவிக்காரர் அப்படியே இருந்தார். மற்ற நாற்காலிகள் அவரைப்போல ஆயின. சட்டைப் பையில் சாவி குத்திக்கொள்வது ஒழுங்கு என்று ஆயிற்று. ஐயாவும் ஒன்று குத்திக்கொண்டார், சின்னதாக, பாக்கெட்டின் உள்பக்கம்.

குறிப்பாளர் ஒரு நாள் செயலாளரை மாடிப்படியில் நிறுத்தினார். "சார், நானும் இரட்டைதான். ரெண்டாவது ஆள்."

"தெரியுமே," என்று தோளைத் தட்டினார் செயலாளர். "நீங்க தங்கமான மனுஷர். இது உங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தி இல்லை."

"வேற யாரைப் பத்தி?"

"மத்த இரட்டையர்களைப் பத்தி."

அண்ணனிடம் சொன்னார். அண்ணன் நம்பவே இல்லை. அதுவரை அவர் நம்பாதது அன்பினால்தான். "சும்மா அளக்காதடா. நம்ம கட்சியில படிச்சவங்க இருக்காங்க, பெரிய மனுஷங்க இருக்காங்க. ஐயா இருக்காரு. நாலு ஓட்டுக்காக ரெண்டு வார்த்தை பேசுவாங்க, அதோட சரி. செய்ய மாட்டாங்க."

செய்தார்கள். ஆனால் சாவிக்காரர் சொன்னபடி அல்ல. அவர் சொன்னது போதவில்லை.

இளைஞர் அணித் தலைவர் என்று ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்து மூன்று. அவர் செயற்குழுவில் எழுந்து, "ரெண்டாவது ஆளைப் பூட்டி வைக்கணும்னு சொல்றாரு சாவிக்காரர். அப்படின்னா ரெண்டாவது ஆள் ஒருத்தன் இருக்கான்னு ஒத்துக்கறாரா? இதுக்குப் பேர் சரணாகதி. ரெண்டாவதுன்னு யாரும் இல்லை. பிறக்கவே இல்லை. இல்லாதவனுக்கு எதுக்குப் பூட்டு?" என்றார்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. சாவிக்காரர் வெளிறிப் போனார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் சொல்லைத் தானே கேட்டவர்போல இருந்தது முகம்.

"நான் ஒரு சாவியை எடுத்து வைன்னுதான் சொன்னேன். உருக்கிடுன்னு சொல்லலையே. எனக்கே பேத்திங்க ரெண்டு..." என்று ஆரம்பித்தார்.

முடிக்க விடவில்லை. அன்று மாலையே 'புதுமைவாதி' என்ற குற்றத்துக்காக நீக்கப்பட்டார். அந்தக் கட்சியில் அதைவிடப் பெரிய வசை கிடையாது. நாற்காலியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் சந்தை வாசலில் அவர் கடை பூட்டிக் கிடந்தது; பிறகு அது திறக்கப்படவே இல்லை. யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்கலாம் என்று ஒரு வாரம் யோசித்த குறிப்பாளரும் விசாரிக்கவில்லை.

மாநாட்டுக்கு முதல் நாள் அண்ணன் மருந்துக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தம்பியை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"தீர்மானம் நாளைக்கு வருதாமே."

"ஆமா. 'ஒரு தாய்க்கு ஒரு பொழுதில் ஒன்றே பிறக்கும். இரண்டாவதாகக் கருதப்படுவது பிறப்பன்று.' நான்தான் சுத்தப் பிரதி எடுத்தேன்."

"ஏன்டா எடுத்தே?"

"என் கையெழுத்து நல்லா இருக்குமாம்."

அண்ணன் மாத்திரை அட்டை ஒன்றை மடித்தார். "விதிப்படி ஒருத்தர் எழுந்து நின்னு எதிர்த்தா போதும், இல்ல?"

"போதும். ஒருத்தர் நின்னாக்கூட 'எதிர்ப்பின்றி'ன்னு நான் எழுத முடியாது. மூணு தடவைக் கணக்கு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். எல்லாம் கவிழ்ந்திடும்."

"அப்போ நான் நிக்கறேன்."

"நிப்பியா அண்ணா?"

"நான் யாருடா? அசல் சாவி."

அன்று குறிப்பாளர் நன்றாகத் தூங்கினார்.

மாநாட்டுக் கூடத்தில் பேராளர்கள் நூற்று நாற்பது பேர். ஐயா பேசினார். அந்தப் பேச்சைக் குறிப்பாளர் ஒரு எழுத்து விடாமல் எழுதினார்.

"நண்பர்களே, தனிப்பட்ட முறையில எனக்கு இந்தத் தீர்மானத்துல உடன்பாடு இல்லை. ஆரம்பத்துல இருந்தே இல்லை. இதை என் மனைவிகிட்ட பல தடவை சொல்லியிருக்கேன். ஆனா நான் பதவி விலகினா, இது பண்பு தெரியாதவங்க தலைமையில நிறைவேறும். அதை அனுமதிக்க முடியாது. தப்பான ஒரு காரியம் நடக்கணும்னா அது கண்ணியமா நடக்கட்டும்னுதான் நான் இந்த நாற்காலியை விடாம பிடிச்சிருக்கேன். எதிர்காலம் என்னைப் புரிஞ்சுக்கும். எதிர்ப்பவர்கள் யாராவது இருந்தா இப்போ எழுந்து நிக்கலாம்."

குறிப்பாளர் பேனாவை நிறுத்தி, அண்ணன் உட்கார்ந்திருந்த பன்னிரண்டாவது வரிசையைப் பார்த்தார். இளைஞர் அணியினர் நடைவழிகளில் நின்று, வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஆயிற்று. யாரும் நிற்கவில்லை.

"ஆதரிப்பவர்கள் கை தூக்குங்க."

கை எண்ணுவது குறிப்பாளரின் வேலை. ஒரு கையில் நோட்டும் மறு கையில் பேனாவுமாக வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கைக்கும் பேனா முனையை நீட்டி, வாய்விட்டு எண்ணினார். இருபத்தெட்டுப் பேர் சரியாக அந்த நேரம் பார்த்துக் கழிவறைக்குப் போயிருந்தார்கள். அங்கே இருந்தவை மூன்று அறைகள், எப்படி அடங்கினார்களோ. அவர்கள்தான் பின்னாளில் 'நாங்கள் அன்று ஆதரிக்கவில்லை' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர்கள்.

கடைசியாக எண்ணிய கை நூற்றுப் பன்னிரண்டாவது. அதன் முன்னால் அவர் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு மேடைக்குத் திரும்பி, குரல் பிசகாமல், "நூற்றுப் பன்னிரண்டு" என்றார். முப்பத்தொரு வருடத் தொழில், குரலைக் கைவிடவில்லை. அந்தக் கை தன்னுடையது என்றுதான் அன்று முதல் சொல்லிவருகிறார். 'குறிப்பாளருக்கு ஓட்டு கிடையாதே, இரண்டு கையிலும் நோட்டும் பேனாவும்தானே இருந்தன' என்று யாராவது மடக்கினால், "எண்ணினவன் நானா நீயா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

சிக்கல் அதன்பிறகுதான் தொடங்கிற்று. நிறைவேறிய தீர்மானத்தின் அடியில் குறிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் பேனாவை நீட்டினார், சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீங்க போட முடியாதே. நீங்க பிறக்கலையே."

"அப்போ தீர்மானம் செல்லாதா?" என்றார் குறிப்பாளர். ஒரு கணம் அவர் நெஞ்சு துள்ளிற்று.

செயலாளர் மூக்கைத் தடவினார். பத்து நிமிடம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் பரவிய வெளிச்சத்தைக் குறிப்பாளரால் இன்றும் மறக்க முடியவில்லை.

"நீங்க பிறக்கலைன்னா, நீங்க எழுதின முப்பத்தொரு வருஷக் குறிப்பும் இல்லை. அப்படித்தானே? போன தேர்தல்ல நாம குடுத்த வாக்குறுதி இல்லை. அதுக்கு முந்தின தேர்தல்ல குடுத்ததும் இல்லை. நாம யாரை நீக்கினோம், யாருக்கு என்ன சொன்னோம், ஒண்ணுமே இல்லை. சாவிக்காரர் இல்லை. இந்தக் கூட்டமே இல்லை. இரட்டையரே இல்லாத நாட்டுல இரட்டையர் பத்தி எதுக்குத் தீர்மானம்?" அவர் குறிப்பாளரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "நீங்க கட்சிக்குச் செஞ்ச சேவை, பிறந்தவங்க யாரும் செய்யலை."

பழையதைக் காக்கப் பிறந்த கட்சிக்கு அன்று மாலைக்குள் பழையது என்று எதுவும் இல்லாமல் போயிற்று. அறுபத்திரண்டு தடித்த நோட்டுகளைக் கொல்லைப்புறத்தில் கொளுத்தினார்கள். மேசை மூடியில் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்தார்கள். நாற்பது வருடத்தில் முதல் முறையாகக் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பினார்கள். அடுத்த தேர்தலில் கட்சி ஜெயித்தது; ஒரு பொழுதில் ஒன்றே பிறக்கும் என்பது மருத்துவமனைகளுக்கும் அரசுப் பதிவேடுகளுக்கும் விதியாயிற்று. கடந்த காலம் சுமையாக இல்லாத கட்சி, இலேசாக ஓடியது.

பெயர்ப் பதிவேட்டிலிருந்து குறிப்பாளரை எடுத்துவிட்டார்கள். வீடு போயிற்று. அண்ணன் தன் கடைக்கு மேல் இருந்த சின்ன அறையைக் கொடுத்தார். அண்ணி ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பாடு அனுப்பினார். ஆனால் வாசலில் யாராவது கேட்டால் "மேல குடியிருக்கிறவருக்கு" என்றார். அண்ணன் தாடி வளர்த்தார். மாநாட்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதைவிட, அன்றிலிருந்து 'டேய்' என்று கூப்பிடவில்லை. "என்னங்க" என்றார். ஐம்பது வருடம் தலையில் குட்டிய மனிதர் வாயிலிருந்து வந்த அந்த 'ங்க' இருக்கிறதே, நூற்றுப் பன்னிரண்டு கைகளும் சேர்ந்து செய்யாததை அது செய்தது.

"...ஆக, கணக்குப்படி நான் இல்லை," என்று முடி திருத்தும் கடையில் குறிப்பாளர் கதையை முடித்தார். "இல்லாதவனுக்கு வயசாகாது. அதான் இன்னும் திடமா இருக்கேன்."

"பெரியவர் ரீல் விட்டாலும் சுவையா விடறாரு," என்றார் லாரி ஓட்டுநர். பெஞ்சின் ஓரத்தில் இருந்த இளைஞன் செய்தித்தாளை மடித்து, "இரட்டையர்னா என்ன?" என்று உண்மையாகவே கேட்டான்.

கடைக்காரர் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார். "உங்களுக்கு வழக்கம்போல ஓரம் மட்டும் ஒதுக்கிடட்டுமா?"

"எடுத்துடு," என்றார் மருந்துக் கடைக்காரர்.

"எதை?"

"தாடியை. முழுசா."

கடைக்காரர் குறிப்பாளரைப் பார்த்தார், மருந்துக் கடைக்காரரைப் பார்த்தார், தெருக்கதவைப் பார்த்தார். பிறகு நுரையைக் குழைத்தார். கத்தி கன்னத்தில் இறங்கி ஏறியது. ஏழு வருடம் கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கடைக்காரர் விலகியபோது, கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெள்ளைத் துணிகளும், அவற்றின் மேல் ஒரே முகமும் இருந்தன. இரண்டு மச்சம். இரண்டு வழுக்கை.

இளைஞன் எழுந்து நின்றுவிட்டான். லாரி ஓட்டுநரின் வாயில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்தது.

"வியாழக்கிழமை என் பொண்ணுக்குப் பிரசவம்," என்றார் மருந்துக் கடைக்காரர், கண்ணாடியில் இருந்த தம்பியைப் பார்த்து. "ரெண்டு பிறந்துச்சு. நான் வராந்தாவுல நின்னு கேட்டேன், ரெண்டு அழுகை. வீட்டுக்கு ஒண்ணைக் குடுத்தனுப்பினாங்க. தாத்தா கையெழுத்துப் போடணும்னாங்க. எத்தனைன்னு கேட்ட இடத்துல 'ஒன்று'ன்னு எழுதிக் குடுத்தேன். பொண்ணு இன்னும் என் முகத்தைப் பார்க்கலை."

குறிப்பாளர் துணிக்குள்ளிருந்து கையை எடுக்க முயன்றார். துணியின் முடிச்சு அவிழவில்லை. இத்தனை நாள் காத்திருந்த சொல் பக்கத்தில் வந்து நின்றபோது, அது வேண்டாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"விடுங்க," என்றார் மெதுவாக. "சும்மா அளந்தேன். அந்தக் கை என்னுதுதான். அதை மட்டும் விட்டுடுங்க."

மருந்துக் கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மடியிலிருந்த தாடி தரையில் கொட்டியது. பெஞ்சில் இருந்த நால்வரையும் பார்த்தபடி நின்றார்; ஏழு வருடத்துக்கு முன், பன்னிரண்டாவது வரிசையில் நின்றிருக்க வேண்டியபடி.

"நடந்துச்சு. இவன் சொன்னது எல்லாம் நடந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பொய். இவன் ரெண்டு கையிலயும் நோட்டும் பேனாவும் இருந்துச்சு. நூத்திப் பன்னிரண்டாவது கை என்னுது. எழுதிக்கடா, தம்பி."